தொடர்மாடிப் பல்கனியிற் படியும் கறைகள்

எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலே தொடர்மாடி மனைகளில் வாழ்ந்து வருகின்றனர். காணியும் கிணறும் வேலியும் சூழ்ந்த வீடுகளிற் பிறந்து வளர்ந்த நாம், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மனைகளிற் குடிபுகுந்தபோது, வீட்டைப் பேணும் பழக்கங்களையும் உடன்கொண்டு வந்தோம். அவற்றுட் பல இங்கும் நன்மை தருவன. ஒன்று மட்டும் தீமை விளைப்பது. சுவரிற் கறை கண்டவுடன் அதன்மேற் பூசிவிடும் பழக்கமே அது.

ஊரிலே அப்பழக்கத்துக்குத் தக்க காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீட்டை நினைந்து பார்க்க. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கற்சுவர், பனஞ்சலாகையின்மேல் ஓடு, மழைநீர் சுவரைத் தீண்டாவண்ணம் தாழ்ந்து நீண்ட இறவாரம். தைப்பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடிப்பது ஆண்டுதோறும் நிகழும் கருமம். மாரியிற் படிந்த பாசியும் கறுப்பும் அவ்வெள்ளையின்கீழ் மறையும். மறைவது மாத்திரமன்று, சுண்ணாம்பின் காரம் பாசியைக் கொல்லும், சுவரினுட் டங்கிய ஈரமும் அம்மெல்லிய பூச்சினூடே ஆவியாகி வெளியேறும். பூசுவதே அங்கு மருந்தாகவும் இருந்தது. அச்சுவரினுள்ளே இரும்பு இல்லை என்பதை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தொடர்மாடியின் பல்கனியோ வேறு இனத்தது. அது பெரும்பாலும் தாங்கு தூணின்றிக் கட்டிடத்திலிருந்து வெளியே நீட்டப்பட்ட கொங்கிறீற்றுத் தட்டு. கொங்கிறீற்று அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவையைத் தாங்கும் வலி அதற்கு மிகக் குறைவு. ஆதலால் இழுவை உண்டாகும் இடங்களிலே உருக்குக் கம்பிகளைப் புதைக்கின்றனர். வெளிநீண்ட தட்டில் இழுவை மேற்புறத்திலே நிகழ்வதால், அதன் பாரத்தைத் தாங்கும் முதன்மைக் கம்பிகள் நாம் கால் வைக்கும் தரைக்குச் சற்றுக் கீழேயே கிடக்கின்றன. அக்கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள கவசம் ஓரங்குலம், அல்லது சற்றுக் கூடிய, கொங்கிறீற்றே. கட்டிய காலத்தில் வேலையிற் கவனம் குறைந்திருப்பின் அதுவும் இராது.

எமது மனை மூன்றாம் மாடியிலே மேற்கு நோக்கியது. கடலிரைச்சல் இரவில் நன்றாகக் கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் எமது பல்கனியின் விளிம்பிற்குக் கீழே கபில நிறக் கோடொன்று தோன்றிற்று. வீட்டினுள் இருந்து பார்க்கும் எமக்கு அது தெரியாது. ஒழுங்கையில் நிற்பவருக்கே தெரியும். அவ்வாண்டு வீட்டிலே மகளின் திருமணம் வந்தது. சம்பந்தி வீட்டார் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பரே என்ற நாணத்தினால், ஆளழைத்துக் கறையைச் சுரண்டுவித்துச் சீமெந்துப் பசை தடவி, இருமுறை தீந்தை பூசுவித்தோம். பார்வைக்குக் குறையொன்றும் இருக்கவில்லை. அதன்பின் வந்த இரண்டாவது தென்மேற்குப் பருவமழைக் காலத்திலே, ஒரு காலை, பாதித் தேங்காயளவு கொங்கிறீற்றுத் துண்டொன்று அவ்விடத்தினின்றும் பெயர்ந்து ஒழுங்கையில் விழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வான் வந்து நிற்கும் இடம் அது. அன்று வான் சற்றுப் பிந்தி வந்தது. அவ்வளவே.

எமக்குப் பல வகுப்புக் கீழே படித்த பொறியியலாளர் ஒருவரை அன்று மாலையே அழைத்தோம். அவர் ஏணி வைத்து ஏறி, சிறு சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டிக் கேட்டார். சில இடங்களிற் கணீரென்ற ஒலியும், சில இடங்களில் வெறும்பானையைத் தட்டியது போன்ற ஒலியும் எழுந்தன. பானையொலி எழுந்த இடங்களையெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். இறங்கி வந்து, "அண்ணை, இது தீந்தைக்காரனுடைய வேலையில்லை" என்றார். கறை விழுந்த இடம் ஒன்று. அவர் வட்டமிட்ட இடங்கள் ஏழு. அவரிடம் கேட்டறிந்ததையும், பின்னர் நாமே படித்தும் பார்த்தும் தெளிந்ததையும் இங்கு எழுதுகின்றோம்.

பல்கனியின் புறத்தே காணப்படும் அழகுக்கேடுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சில வெறும் அழுக்கு. சில ஈரத்தின் அறிகுறி. சில உள்ளிருக்கும் இரும்பு அழிவதன் அறிகுறி. எது எதுவென்று பிரித்தறியாது ஒரே தூரிகையால் எல்லாவற்றையும் மூடுவதாலேயே கேடு விளைகின்றது.

வெண்பூப்பு முதலாவது. கொங்கிறீற்றினுள்ளும் சாந்தினுள்ளும் கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டு. உட்புகுந்த நீர் அதனைக் கரைத்து வெளிக்கொணர, அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து கல்சியம் காபனேற்றாகி வெள்ளைப் படலமாய்ப் படிகின்றது. நீண்டநாள் ஒழுகிய இடத்திலே தட்டின் அடியில் சிறு விழுதுபோலவும் தொங்கும். அப்பூப்பினால் நேரே தீங்கில்லை. ஆயின் நீர் தட்டினை ஊடுருவிச் செல்கின்றது என்பதற்கு அதனிலும் தெளிவான சாட்சி வேறில்லை. உலர்ந்த தூரிகையால் முதலில் துடைத்தெடுத்து, நீர் வரும் வழியை அடைத்த பின்னரே வேறெதுவும் செய்தல் வேண்டும்.

கறுப்பும் பச்சையுமாகப் படர்வன பாசிவகைகள். மழை வடிந்தோடும் தடத்திலும் வெயில் படாத மூலையிலும் இவை தழைக்கும். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொன்றுண்டு. அதனைப் பலர் கறளென்று மயங்கிக் கலங்குவர். திரென்தெபோலியா என்னும் பாசி, பச்சைப்பாசி இனத்தைச் சேர்ந்ததாயினும், தன்னுள் நிறைந்த செம்மஞ்சள் நிறப்பொருளினாற் செங்காவி நிறமாகத் தோன்றும். எமது நாட்டிலே ஈரமான சுவர்களிலும் மரப்பட்டைகளிலும் அதனைக் காணலாம். கறளுக்கும் அதற்கும் வேற்றுமை யாதெனின், பாசி விரிந்து பரவும். அருகிற் சென்று நோக்கின் மென்மையான பஞ்சுபோல இருக்கும். நகத்தாற் சுரண்ட வந்துவிடும். கறளோ ஒரு புள்ளியிலோ வெடிப்பிலோ தொடங்கி, கீழ்நோக்கிக் கோடாக வழியும். பாசியைக் கழுவினாற் போதும். வீட்டிலே துணி வெளுக்கப் பயன்படுத்தும் நீர்மத்தை ஐதாக்கித் தடவி, சற்று நேரம் விட்டு, நன்னீரால் நிறையக் கழுவுதல் வேண்டும். கழுவாமல் விடின் அந்நீர்மத்தின் உப்பு எஞ்சி நிற்கும். அது நன்றன்று என்பது பின்னர் விளங்கும்.

இனிக் கறளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். புதிய கொங்கிறீற்று மிகுந்த காரத்தன்மை உடையது, அதன் பீ.எச். பெறுமானம் 12.5 இற்கும் மேற்பட்டது. அக்காரத்திலே உருக்கின்மேல் மிக மெல்லிய காப்புப் படலமொன்று உண்டாகி, ஈரமும் காற்றும் இருந்தபோதும் கறள் பிடியாது காக்கின்றது. இக்காப்பு இருவழியாற் கெடும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உட்புகுந்து காரத்தைத் தணித்தல் ஒன்று. உப்பிலுள்ள குளோரைட்டு காரம் குறையாத இடத்தும் அப்படலத்தைத் துளைத்தல் மற்றொன்று. கடற்காற்று ஓயாது வீசும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை ஆகிய இடங்களிலே மேற்குமுகச் சுவர்களுக்கு இவ்விரண்டும் வாய்க்கின்றன. நன்கு கழுவாத கடல்மணலிற் கலந்த கொங்கிறீற்றாயின் பகைவன் பிறப்பிலேயே உள்ளே இருக்கின்றான்.

காப்பு நீங்கியதும் கம்பி கறளாகத் தொடங்கும். கறள், தான் தோன்றிய இரும்பினும் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைப்பது. அடைபட்ட இடத்திலே அது பருக்கும்போது சுற்றியுள்ள கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கின்றது. முதலிற் கம்பியின் வழியே மயிரிழை போன்ற வெடிப்பு. பின்னர் கபிலக் கோடு. பின்னர் உப்பிய மேற்பரப்பு. ஈற்றிற் பெயர்ந்து விழுதல். எமது பல்கனியில் நாம் மூடியது இவற்றுள் இரண்டாவது நிலை. மூடியபின் மூன்றாவது நிலை கண்ணிற் படாமலே கடந்து சென்றது. ஈரமான பரப்பின்மேல் தடித்த தீந்தை பூசின் உள்ளீரம் வெளியேறாது தங்கும் என்பதையும், தொடங்கிவிட்ட கறளுக்கு அதுவே உணவாகும் என்பதையும் அன்று நாம் அறிந்திலோம்.

காபனீரொட்சைட்டு உட்செல்லும் வேகத்தைப் பற்றிய கணக்கொன்று எம்மை வியப்பித்தது. அது செல்லும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். பத்தாண்டில் 10 மில்லிமீற்றர் சென்றதாயின், 20 மில்லிமீற்றரை அடைய நாற்பதாண்டு செல்லும். இதனையே மறுவழியாற் கூறின், கம்பியின்மேல் இருக்கவேண்டிய கொங்கிறீற்றின் கனம் பாதியாகக் குறையுமாயின், கம்பி பாதுகாப்பாயிருக்கும் காலம் பாதியாகக் குறைவதில்லை, காற்பங்காகக் குறைகின்றது. கட்டும்போது கம்பியின்கீழ் வைக்கவேண்டிய சிறு சீமெந்துக் கட்டைகளை மேசன் மறந்தமையின் விலையை இருபதாண்டின் பின் குடியிருப்போர் கொடுக்கின்றனர். கார நிலையை அறியும் சோதனை எளிது. புதிதாக உடைத்த கொங்கிறீற்றின்மேல் பினோத்தலின் கரைசலைத் தெளித்தல் வேண்டும். காரம் உள்ள இடம் ஊதாகலந்த சிவப்பாகும். காரம் இழந்த இடம் நிறம் மாறாது. கல்லூரி ஆய்கூடத்திலே இச்சோதனையை அமிலத்துக்கும் காரத்துக்கும் செய்து காட்டிய ஆசிரியரை நினைந்துகொண்டே எமது பல்கனித் துண்டின்மேல் அத்துளிகள் விழுவதைப் பார்த்தோம். கம்பியைச் சுற்றி நிறம் எழவேயில்லை.

நீர் எங்கிருந்து வருகின்றது என்று தேடாமல் திருத்தம் செய்வது வீண். மழையை மாத்திரம் குற்றஞ் சொல்வதற்கில்லை. எமது கட்டிடத்தில் நாம் கண்டவற்றுள் முதன்மையானது குளிரூட்டியின் நீர்க்குழாய். பொறியின் புறப்பகுதியிலிருந்து நாள் முழுவதும் சொட்டும் நீரைச் சுவரிலேயே விட்டிருந்தனர். பூச்சாடிகள் அடுத்தவை, அவற்றின்கீழ்த் தரை உலர்வதேயில்லை. பழைய தரையின்மேல் அழகுக்காகப் புதுக்கல் பதித்தோர், வெளிநோக்கி இருந்த சரிவைக் கெடுத்து நீரை வீட்டுச் சுவரோரம் தேங்கச் செய்திருந்தனர். மேற்கம்பிகள் மிகுந்த வேலை செய்யும் இடமே அது. கைபிடிக் கம்பியின் கால்கள் தட்டினுட் புதையும் இடம் இன்னொரு வாயில். துணி காயவிடுவதற்கென்று துளையிட்டுப் பொருத்திய கொளுக்கிகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வெடிப்பிலே காகம் இட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைத்த பல்கனியையும் கண்டோம். வீட்டுக்காரர் அதனைப் பிடுங்க மனம் ஒவ்வாது நீர் வார்த்து வந்தார்!

பலருக்கும் தெரியாத சிறு உறுப்பொன்றை இங்குக் குறிப்பிடல் வேண்டும். தட்டின் அடிப்புறத்திலே விளிம்பிலிருந்து ஓரிரண்டு அங்குலம் உள்ளே, விளிம்பு நெடுகிலும் விரலளவு காடியொன்று ஓடுதல் வேண்டும். விளிம்பால் வழியும் மழைநீர் அடிப்புறத்தே ஒட்டி உட்செல்ல முயலும்போது, அக்காடியைத் தாண்டமாட்டாது சொட்டிவிடும். ஊர்வீட்டு இறவாரம் செய்த வேலையை இங்கு அக்காடி செய்கின்றது. எமது பல்கனியிலும் அது இருந்தது. முன்னர் பூசிய தீந்தைகளும், திருமணத்துக்கு நாம் தடவிய சீமெந்துப் பசையும் அதனை முற்றாக அடைத்துவிட்டன.

திருத்தும் முறை வருமாறு. பானையொலி எழும் பகுதியெல்லாம் உறுதியான கொங்கிறீற்று வரும்வரை வெட்டி நீக்கப்படும். கம்பியின் முகத்தைக் காண்பது போதாது. அதன் பின்புறமும் விரல் நுழையுமளவு வெட்டுதல் வேண்டும். கறளை உருக்கு மின்னும்வரை நீக்கி, உப்பைப் போக்க நன்னீரால் கழுவி, கம்பி கணிசமாகத் தேய்ந்திருப்பின் பக்கத்தே புதுக்கம்பி சேர்த்து, கறள்காப்புப் பூச்சிட்டு, இதற்கென விற்கப்படும் திருத்தச் சாந்தினால் நிரப்பி, சில நாட்கள் ஈரச்சாக்கு மூடி உலராது காத்தல் வேண்டும். ஈற்றிலேயே தீந்தை, அதுவும் மழையைத் தடுத்து ஆவியை விடும் வகையாயிருத்தல் நன்று. மயிரிழை வெடிப்புக்கு நெகிழ்ந்து கொடுக்கும் பூச்சே போதியது. நகம் நுழையும் வெடிப்பாயின், சிறப்பாகத் தரையும் சுவரும் சேரும் இடத்தில் மேற்புறத்தே காணப்படுமாயின், பொறியியலாளர் வந்து பார்க்கும்வரை அப்பல்கனியில் ஒருவரையும் நிற்கவிடலாகாது.

இரண்டு தவறுகளை மேசன்மார் அன்போடு செய்வர். ஒன்று, வெண்பூப்பையும் கறட்கறையையும் போக்க உப்பு அமிலம் ஊற்றிக் கழுவுதல். கறை உடனே மறையும். அமிலமோ காரத்தைக் கெடுத்து, குளோரைட்டையும் உள்ளே கொடுத்துச் செல்லும். மற்றையது, விழுந்த குழியை மாத்திரம் சீமெந்துச் சாந்தால் அடைத்துவிட்டு, சுற்றியுள்ள உப்பேறிய கொங்கிறீற்றை விட்டுவைத்தல். அங்ஙனம் செய்யின் ஒட்டுக்குள் இருக்கும் கம்பி காக்கப்படும். ஒட்டின் ஓரத்தை அடுத்த பழைய பகுதியிலே கறள் முன்னிலும் விரைந்து தொடங்கும். ஒட்டைச் சுற்றி வளையமாகப் புதுக்கறை தோன்றுவதன் காரணம் இதுவே.

இவையெல்லாம் அறிந்த பின்னரும் எமக்கு மிகப் பெரிய தடையாய் நின்றது வேறொன்று. செலவு யாருடையது? எமது பல்கனியின் தரை கீழ்மாடியாரின் பல்கனிக்கு முகடு. கறை விழுந்தது அவருடைய முகட்டில். நீர் சென்றது எமது தரையால். துண்டு விழுந்தது பொது ஒழுங்கையில். அவர் எம்மை நோக்கினார். நாம் குழுவை நோக்கினோம். குழுவினர் கணக்குப் புத்தகத்தை நோக்கினர். தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும், அத்திவாரம், தூண், வளை, முதன்மைச் சுவர், கூரை முதலியவற்றை எல்லா உரிமையாளருக்கும் பொதுவான உறுப்புகளாகக் கொள்கின்றன. அவற்றைப் பேணும் பொறுப்பு உரிமையாளர் யாவரும் அங்கத்தவராகும் முகாமைக் கூட்டுத்தாபனத்துடையது. தரையிற் பதித்த கல்லும் உட்பூச்சும் பெரும்பாலும் தனியுரிமை. தாங்கும் தட்டும் புறமுகமும் பெரும்பாலும் பொது. எல்லை எங்கே செல்கின்றதென்பதைப் பதிவு செய்யப்பட்ட வரைபடத்திலேயே காணல் வேண்டும். பிணக்குத் தீராவிடின் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கு முறையிடலாம். இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படும். நாம் திருமணத்துக்கென எமது பணத்திற் பூசுவித்த அப்பூச்சு, எமக்குத் தனியே உரிமையில்லாத பரப்பின்மேல் எவரையும் கேளாது செய்த வேலை. அக்காலத்தில் அதனைப் பெருந்தன்மை என்று எண்ணியிருந்தோம்.

குழுக் கூட்டத்திலே, "இத்தனை ஆண்டு நின்றது இன்னும் நிற்காதா?" என்று கேட்டவர் ஒருவர் அல்லர். அவர்களுக்கு நாம் புளொரிடா மாநிலத்துச் சேர்ப்சைட் நகரின் செய்தியை வாசித்துக் காட்டினோம். 1981 இற் கட்டப்பட்ட பன்னிரண்டு மாடி மனைத்தொகுதி அது. எமதைப் போலவே கடலோரத்தது. 2018 இல் ஒரு பொறியியலாளர் நீச்சற்குளத் தளத்தின் நீர்காப்புப் பழுதையும் அதன்கீழ்க் கொங்கிறீற்றுக்கு நேர்ந்த பெருஞ்சேதத்தையும் எழுத்தில் அறிவித்தார். செலவைப் பற்றிய வாதத்தில் ஆண்டுகள் கழிந்தன. ஏறத்தாழ 15 மில்லியன் டொலர் அறவிடுவதென 2021 இல் முடிவாயிற்று. கொங்கிறீற்றுத் திருத்தம் தொடங்குமுன், 2021 யூன் 24 ஆம் நாள் பின்னிரவில் அத்தொகுதியின் பெரும்பகுதி இடிந்து விழ, 98 பேர் மாண்டனர். கறையைக் கவனியாமையே அதற்கு முழுக் காரணம் என்று நாம் கூறவில்லை. அமைப்பிலும் குறைகள் இருந்தன. ஆயினும் அறிக்கைக்கும் வீழ்ச்சிக்கும் இடையிற் கழிந்த காலம் பேச்சிலேயே கழிந்தது. சிங்கப்பூரிலோ, இருபதாண்டுக்கு மேற்பட்ட, பதின்மூன்று மீற்றருக்கு உயர்ந்த கட்டிடங்களின் புறமுகங்களை ஏழாண்டுக்கு ஒருமுறை தக்காரைக் கொண்டு பார்வையிடுதலை 2022 முதற் சட்டமாக்கியுள்ளனர்.

வாசித்து முடிந்ததும் எவரும் பேசவில்லை. பின்னர், கீழ்மாடியார் எழுந்து, தமது பங்கை முதலில் தருவதாகச் சொன்னார். மாதச் சந்தாவின்மேல் ஆறு மாதத்துக்கு மேலதிகப் பணம் பெறுவதென்றும், ஒழுங்கைப் பக்கத்துப் பல்கனிகள் யாவற்றையும் சுத்தியலாற் தட்டிப் பார்ப்பதென்றும், மழை தொடங்குமுன் பெயரக்கூடியவற்றை உடனே வெட்டி வீழ்த்துவதென்றும் தீர்மானித்தோம். வெட்டும் நாட்களில் வான் நிற்குமிடம் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. குளிரூட்டிக் குழாய்கள் யாவும் ஒரே வடிகுழாயில் இணைக்கப்பட்டன. அரசங்கன்று ஒரு சாடிக்குப் பெயர்க்கப்பட்டுக் கோயில் வீதியில் நடப்பட்டது. வீட்டுக்காரருக்கு அதிலே மிக்க மகிழ்ச்சி.

திருத்திய இடங்கள் இன்று எமது கட்டிடத்தின் முகத்திலே சாம்பல் நிறத் திட்டுகளாக நிற்கின்றன. அடிப்புறக் காடி மீண்டும் வெட்டப்பட்டுவிட்டது. சென்ற மாதம் குழுவில் ஒருவர் தீந்தை பூசி முடித்துவிடலாமே என்றார். ஒரு தென்மேற்குப் பருவமழை முழுதும் பெய்து ஓயட்டும். திட்டுகளின் ஓரத்திலே கபிலக் கோடு எழுகின்றதா என்று பார்த்த பின்னர் பூசுவோம் என்றே முடிவாயிற்று. காலையிலே பத்திரிகை வாங்கச் செல்லும்போது ஒழுங்கையில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டே நாம் மேலே ஏறுகின்றோம்.